காயலான்கடை முதலாளிகளுக்கு: அந்தக் கடைசி வரிசையைப் பற்றி ஒரு திறந்த மடல்

அன்புள்ள காயலான்கடை முதலாளிகளுக்கு,

வணக்கம். "சும்மா பார்த்துட்டுப் போறேன்" என்று சொல்லி உள்ளே நுழைந்து, இரண்டு மணி நேரம் கழித்துக் கையெல்லாம் துருவும் கிரீஸுமாக வெளியே வரும் கூட்டம் ஒன்று உங்களுக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

உங்கள் முன் வரிசைகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அடிபட்ட கார் வரும், ஆயிலை வடிப்பீர்கள், பேட்டரியைக் கழற்றுவீர்கள், இன்ஜின், கியர்பாக்ஸ், கதவு, ஹெட்லைட் என்று விலைபோவதெல்லாம் போக மிச்சத்தை எடைக்குப் போடுவீர்கள். அது உங்கள் பிழைப்பு, நன்றாகவே செய்கிறீர்கள். என் பேச்செல்லாம் வேலியை ஒட்டிய கடைசி வரிசையைப் பற்றி. கொடி படர்ந்து, டயர் பாதி மண்ணில் புதைந்து, ஐம்பது அறுபது வருஷத்துக் கார்கள் நிற்கின்றனவே, அவற்றைப் பற்றி. விலை கேட்டால் பாதிப்பேர் "அது விக்கிறதுக்கு இல்லப்பா, ஒருநாள் நானே ரெடி பண்ணப் போறேன்" என்கிறீர்கள். மீதிப்பேர், வண்டி ஓடுகிற நிலையில் இருந்தால் என்ன விலையோ அதைச் சொல்கிறீர்கள்.

நான் கேட்பது இதுதான்: விற்றுவிடுங்கள். முழுசாக விற்றால் முழுக் கணக்கையும் சொல்லி விற்றுவிடுங்கள். இல்லையென்றால் துண்டு துண்டாகவாவது விற்றுவிடுங்கள்.

என் கதையைச் சொன்னால்தான் ஏன் கேட்கிறேன் என்று புரியும். சில வருஷங்களுக்கு முன், உங்களில் ஒருவரிடம் (பெயர் வேண்டாம், இன்றும் பார்த்தால் சிரிப்பார்) அப்படி ஒரு காரை வாங்கினேன். "இன்ஜின் ஜாம் ஆகல, கொஞ்சம் டிங்கரிங் பண்ணி பெயின்ட் அடிச்சா போதும்" என்றார். இன்ஜின் விஷயத்தில் அவர் சொன்னது உண்மை. கதவைத் திறந்து பார்த்தேன், திறந்த கதவு திரும்ப மூடவில்லை. "ரொம்ப நாளா நின்னதால அப்படி இருக்கும்" என்றார், நானும் நம்பினேன். வீட்டுக்கு இழுத்து வந்து கால்மிதியைத் தூக்கினால் கீழே மண் தெரிகிறது. காருக்குள் புல் முளைத்திருந்தது, அதுவும் நல்ல பச்சையாக.

தனி சேஸ் (அடிச்சட்டம்) இல்லாமல், பாடியே எலும்புக்கூடாக இருக்கிற காரில் தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடும் குழல்தகடும்தான் முதுகெலும்பு. அவை துருப்பிடித்துப் போனால் வண்டி நடுவில் தொய்யும், தொய்ந்தால் கதவின் மேல் இடைவெளி இறுகும், கதவு மூடாது. இது உங்களுக்குத் தெரியாதா என்ன? தினமும் ஆயிரம் கதவைக் கழற்றுகிறவர்கள் நீங்கள். பெயின்டில் பட்டாணி அளவுக்கு ஒரு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவுக்குத் தகடு போயிருக்கும் என்பதும், துணி சுற்றிய காந்தத்தைப் பாடிமேல் ஓட்டினால் தகடு இருக்கிற இடத்தில் ஒட்டும், பட்டி போட்டு மறைத்த இடத்தில் வழுக்கும் என்பதும் நான் பின்னால் உங்கள் ஆட்களிடமே கற்றுக்கொண்டவை. வாங்குவதற்கு முன்னால் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் பணம். வாங்கின விலை ஒரு பெரிய விஷயமே இல்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். தகடு வேலை, பம்பருக்குக் குரோம் பூச்சு, எலி கடித்த வயரிங் முழுவதையும் மாற்றுவது, பிரேக் குழாய்கள், கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர், இருக்கைத் தையல் என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கைகளுக்குப் போகும் பணம். பெரும்பாலான சாதாரண பழைய கார்களில், சரிபண்ண ஆகும் செலவு சரிபண்ணி முடித்த காரின் விலையைத் தாண்டிவிடும். அதாவது, வேறொருவர் பணத்தையும் பொறுமையையும் கொட்டிச் சரிபண்ணி, வீட்டில் சண்டை வந்து விற்கிறாரே, அந்தக் காரை வாங்குவதுதான் மலிவு. இதை எனக்கு ஒரு மெக்கானிக் சொன்னபோது முதல் பில்லைக் கட்டிவிட்டு நின்றிருந்தேன்.

அத்தனைக்கும் கடன். ஐம்பது வருஷத்து, ஓடாத காரை ஈடாக வைத்து வாகனக் கடன் கிடைப்பது அபூர்வம். தவணை கட்டாவிட்டால் எதைப் பிடித்து விற்பது? அதனால் ஈடில்லாத தனிநபர் கடன், வட்டியும் அதற்கேற்ப அதிகம். உங்களில் சிலர் இப்போது கடன் ஏற்பாடு செய்பவர் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறீர்கள், அவரும் "மாசம் இவ்வளவுதான் சார்" என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்கிறார். அந்த ஒரு எண்ணில் எதையும் ஒளித்துவிடலாம். 100 ரூபாய் கடனை 9 சதவீத வட்டியில், அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற கணக்கில் 5 வருஷத்தில் அடைத்தால் மொத்தம் சுமார் 124.5 கட்டுவோம். அதையே 7 வருஷமாக நீட்டினால் மாதத் தவணை இனிக்கும், மொத்தம் 135-ஐத் தாண்டும். அதே 9 சதவீதத்தை முழு அசலுக்கும் 5 வருஷமும் மாறாமல் போடுகிற 'ஃபிளாட்' கணக்கில் போட்டால் 145. பெயருக்கு 9, உண்மையில் கிட்டத்தட்ட 16 சதவீத வட்டி. புதுக் கார் வாங்குகிறவருக்கும் இதே வலைதான், ஆனால் அவராவது கடன் கட்டிக்கொண்டே ஓட்டுகிறார். என் வண்டி தார்ப்பாய்க்குள் நின்றது. யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். கார் எப்படித் தின்னும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. நான் சொல்கிறேன், அதுவும் அசையாமல்தான் தின்னும்.

ஹென்றி ஃபோர்டுக்குத் தவணை வியாபாரம் பிடிக்காது. ஜெனரல் மோட்டார்ஸ் 1919-லேயே கடன் கொடுப்பதற்கென்று தனி நிறுவனம் தொடங்கிவிட்டது. ஃபோர்டு நிறுவனமோ 1923-ல்தான் இறங்கி வந்தது, அதுவும் தலைகீழாக: வாராவாரம் பணம் கட்டிக்கொண்டே வா, முழு விலையும் சேர்ந்ததும் காரை எடுத்துக்கொண்டு போ. அது பெரிதாக எடுபடவில்லை, காரை முதலில் எடுத்துக்கொண்டு பிறகு கட்டுவதுதான் எல்லோருக்கும் பிடித்தது. எனக்கென்னவோ அந்தத் திட்டத்தின்மேல் இப்போது பெரிய மரியாதை. அதில் பணத்தைக் கட்டி முடித்தால் காராவது வந்தது. என் கடன் போன வருஷம் முடிந்துவிட்டது, கார் இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

சரி, உங்கள் விலைக்கு வருகிறேன். அந்த விலை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பிரான்ஸில் ரோஜே பையோன் என்பவர் சேர்த்து வைத்து, கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் கிடந்த கார்கள் 2015-ல் பாரிஸில் ஏலத்துக்கு வந்தன. அதில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர் 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கும் மேல் போனது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து வேலி ஓரம் நிற்கிற ஒவ்வொரு காரும் ஃபெராரி ஆகிவிட்டது. ஐயா, அந்தக் குட்டைச் சேஸ் ரகத்தில் உலகத்தில் தயாரானதே அறுபதுக்கும் குறைவு, அதிலும் அது நடிகர் அலென் டெலோன் வைத்திருந்த வண்டி. உங்கள் வேலி ஓரத்தில் நிற்பது ஃபோக்ஸ்வேகன் பீட்டில். பீட்டில் நல்ல கார்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் 2003-ல் தயாரிப்பு நிற்பதற்குள் 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டிய ஏலம் வேறு. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் பியர்ஸ் என்ற சின்ன ஊரில், லாம்ப்ரெக்ட் என்ற செவ்ரோலே விற்பனையாளர் விற்காத புதுக் கார்களையும், புதுசு வாங்குகிறவர்கள் மாற்றாகக் கொடுத்த பழைய கார்களையும் பல பத்தாண்டுகள் அப்படியே வைத்திருந்தார். 2013-ல் சுமார் 500 வண்டிகள் ஏலம் போயின. கட்டடத்துக்குள் இருந்த, இரண்டு மைல்கூட ஓடாத 1958-ஆம் வருஷத்து செவ்ரோலே கேமியோ பிக்கப் வண்டி 1,40,000 டாலருக்குப் போனது. வெளியே திறந்த வெளியில் நின்றவைதான் பெரும்பகுதி, அவற்றில் பலதும் மழையும் வெயிலும் தின்று மரத்தோடு மரமாகிப் போயிருந்தன. கூரைக்குள்ளே இருந்ததற்கும் வெளியே நின்றதற்கும் உள்ள வித்தியாசம்தான் முழு விஷயமும். நீங்கள் விலையை ஏற்றிக்கொண்டே போகிற அதே வருஷங்களில் தகடு இறங்கிக்கொண்டே போகிறது, உங்கள் விலைக்கு ஆள் வருகிற அன்று விற்க வண்டி இருக்காது, அதன் வடிவத்தில் ஒரு துரு இருக்கும்.

நசுக்கிவிடுங்கள் என்று சொல்லவில்லை, அந்தப் பக்கமும் பார்த்தாயிற்று. 2009-ல் அமெரிக்க அரசு பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்குகிறவர்களுக்குப் பணம் தந்த திட்டத்தில் 6 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல் கார்கள் வந்தன. திரும்ப ஓடவே கூடாது என்று இன்ஜின் ஆயிலை வடித்துவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டார்கள், சூட்டில் அது கண்ணாடி மாதிரி இறுகி இன்ஜின் செத்துப்போகும். இருபத்தைந்து வயது தாண்டிய கார்கள் திட்டத்தில் சேராது என்பதால் உண்மையான கிழங்கள் தப்பித்தன. ஆனால் உங்கள் தொழிலில் காசு தருகிற பாகமே இன்ஜின்தானே? அது போனபின் அந்த வண்டியால் உங்களுக்கு என்ன லாபம் என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விற்கவே மனசு வரவில்லை என்றால் அதற்கும் நேர்மையான வழி உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வைட் என்ற ஊரில் ஓல்டு கார் சிட்டி என்று ஒரு இடம், 34 ஏக்கர் காட்டுக்குள் 4000-க்கும் மேல் பழைய கார்கள், மரங்கள் பம்பரைத் துளைத்து வளர்ந்து நிற்கும். படம் எடுக்க வந்தவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள், அவ்வளவுதான். யாரையும் ஆசைகாட்டிக் கடனில் இறக்கவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது சின்ன விஷயம். என்னைப் போல ஒருவன் கண் மின்ன வந்து நின்றால், விலை சொல்வதற்கு முன்னால் கால்மிதியைத் தூக்கிக் காட்டுங்கள், காந்தத்தைக் கையில் கொடுங்கள். வண்டிப் பத்திரம் உண்டா, சேஸ் நம்பர் அதோடு ஒத்துப்போகிறதா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பத்திரம் இல்லாத கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் உதிரிபாகம்தான். "தம்பி, இது ஓடாது, ஆனா இதோட கதவும் டேஷ்போர்டும் இன்னொண்ணை ஓட வைக்கும்" என்று சொல்லத் தெரிந்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் ஒருமுறைகூட ஏமாந்ததில்லை. கடன் தருபவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள், அவர் தவணையைச் சொன்னால் மொத்தத்தையும் கேட்டு நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு வாடிக்கையாளர் போய்விடுவார் என்று பயப்படாதீர்கள், போக மாட்டோம், உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஒன்று, இது உங்களில் ஒருவருக்கு மட்டும். வேலியிலிருந்து மூன்றாவதாக, முன்பக்கம் மரத்தில் சாய்ந்து நிற்கிற அந்த வெளிர்நீலக் கார். அதற்குப் பத்திரம் கிடையாது, தரைத்தகடு கிடையாது, நீங்கள் அதை ரெடி பண்ணப் போவதும் கிடையாது. ஆனால் இடதுபக்கப் பின் ஜன்னலின் சின்னக் கண்ணாடி கீறலில்லாமல் முழுசாக இருக்கிறது. என் வண்டிக்கு அதுதான் வேண்டும், வேறெங்கும் கிடைக்கவில்லை. நாலு தடவை கேட்டுவிட்டேன். சனிக்கிழமை காலையில் என் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன், ரப்பர் கிழியாமல் நானே கழற்றிக்கொள்கிறேன். இந்தத் தடவை ரொக்கம்.