சோதனையாளரை முதல் நாளே அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூரிலும் புதுச்சேரியிலும் பொறியியல் முடித்து வரும் பிள்ளைகள் பலர், மென்பொருள் சோதனை என்பது நிரல் எழுத வராதவர்கள் ஒதுங்கும் வேலை என்று எண்ணுகிறார்கள். பல ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கும் எனக்கு அது வருத்தம் தருகிறது. அதைவிட, சில நிறுவனங்களும் அப்படியே எண்ணி, நிரல் முழுவதையும் எழுதி முடித்து, வெளியீட்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது சோதனையாளரைக் கூப்பிடுவதுதான் பெரிய கவலை.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், புதுச்சேரி யூனியன் பிரதேச மக்களுக்கான விண்ணப்பப் படிவம் ஒன்றைச் சோதிக்கத் தந்தார்கள். அஞ்சல் குறியீட்டு எண் 60 என்று தொடங்க வேண்டும் என, படிவம் எப்படி இயங்க வேண்டும் என்று வரையறுக்கும் தேவை ஆவணத்தில் ஒரு வரி இருந்தது. நிரலாளர் அந்த வரியை அப்படியே நிறைவேற்றியிருந்தார். புதுச்சேரியின் 605001, காரைக்காலின் 609602 இரண்டையும் ஏற்ற படிவம், கேரளத்தை ஒட்டிய மாஹேயின் 673310, ஆந்திரத்தை ஒட்டிய ஏனாமின் 533464 இரண்டையும் தவறென்று தள்ளியது. நிரலில் பிழை இல்லை, ஆவணத்தில்தான் இருந்தது. அந்த ஆவணத்தைப் பேசி முடிவு செய்த கூட்டத்தில் சோதனையாளர் ஒருவர் இருந்திருந்தால், “ஏனாம்காரர் என்ன செய்வார்?” என்ற ஒரே கேள்வியோடு அது தீர்ந்திருக்கும். கடைசி வாரத்தில் தெரியவந்ததால், விதியைத் திருத்தி, அத்திருத்தத்தால் வேறெதுவும் கெடவில்லை என்று உறுதிசெய்ய முழுப் படிவத்தையும் மறுபடி சோதிக்க நேர்ந்தது. தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டுமே முன்னால் வைத்துக்கொள்ளும் நம்மவர்களிடம், குடும்பப் பெயருக்கு இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று அடம்பிடிக்கும் படிவங்களும் இவ்வகைதான்.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் புறப்பட்ட ஏறத்தாழ 40 வினாடிகளில் சிதறியதற்கும் இத்தகைய ஓர் அனுமானமே காரணம். அதற்கு முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4-க்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். புதிய ராக்கெட்டின் கூடுதல் வேகத்தைக் குறித்த எண், நிரல் ஒதுக்கிய 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. புதிய பாதைக்குரிய எண்களைக் கொடுத்து அந்த நிரலை முன்கூட்டியே சோதித்திருந்தால், தரையிலேயே தெரிந்திருக்கும்.

தேவையை எழுதும்போதே கேள்வி கேட்பது, வடிவமைப்பு நடக்கையில் என்னென்ன சோதிக்க வேண்டும் என்று எழுதி வைப்பது, நிரலாளர்கள் தனித்தனியே சோதித்துத் தந்த பகுதிகளை இணைத்துப் பார்ப்பது, கண்ட பிழையை நிரலாளர் தம் கணினியிலும் வரவழைத்துப் பார்க்கும்படி படிப்படியாக எழுதித் தருவது ஆகிய அனைத்தும் எங்கள் வேலை. எத்தனை சோதனை செய்தாலும் பிழையே இல்லை என்று நிறுவ முடியாது. ஆகவே, எதைச் சோதிப்பது என்று தேர்ந்தெடுப்பதற்கே கூர்மையான அறிவு வேண்டும்.

நம் பகுதிக் கல்லூரிகள், இறுதியாண்டுத் திட்டப்பணியில் ஒரு குழுவின் மென்பொருளை இன்னொரு குழு சோதித்து அறிக்கை தருவதைக் கட்டாயமாக்கி, அதற்கும் மதிப்பெண் வழங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனையாளர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.