கத்தரித்த கார்

அன்புள்ள கண்ணுக்கு,

"புதிதாக எதையும் வரைய விடுவதில்லை அப்பா, பழைய காரின் கதவையே வைத்துப் புதுக் கார் காட்டச் சொல்கிறார்கள்" என்றாய். போனில் எனக்குப் பதில் வரவில்லை. எழுத உட்கார்ந்தால்தான் எனக்கு வாய் திறக்கும்.

நீ இருக்கும் டெட்ராய்ட்டில் டிக் டீக் என்றொரு வடிவமைப்பாளர் இருந்தார். சிறு வயதில் கார் விபத்தில் ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது. ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் சரியாகப் பிடிபடாது. காரைக் களிமண்ணில் செய்து பார்க்கும் மாதிரியின் வளைவுகளை எப்படித்தான் எடைபோட்டாரோ, நாற்பது வருடம் வார்ப்படத்துக்கு மரத்தில் பேட்டர்ன் செதுக்கிய எனக்கே விளங்கவில்லை. பேக்கார்ட் என்ற கார் கம்பெனியில் இருந்தார், அது நொடிந்தது. 1959இல் அமெரிக்கன் மோட்டார்ஸில் சேர்ந்து 1983 வரை அங்கேயே இருந்தார். ஜெனரல் மோட்டார்ஸுக்கும் ஃபோர்டுக்கும் பக்கத்தில் அது பெட்டிக்கடை.

கார்த் தகட்டை அழுத்தி வடிவாக்கும் அச்சான டை என்ன விலை என்று உனக்குத் தெரியும். அதற்குக் காசில்லாத இடத்தில் மனிதர் கத்தரிக்கோலை எடுத்தார். அந்தக் கம்பெனியின் ஜாவலின் காரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 109 அங்குலம். 12 அங்குலம் குறைத்தார், 1968இல் ஏஎம்எக்ஸ் என்ற கார் வந்தது. அதே வித்தையை ஹார்னெட் என்ற காரிலும் செய்தார். 108 அங்குலம் 96 ஆனது. முன்பக்கமும் கதவும் ஹார்னெட்டினுடையவை. கதவுக்குப் பின்னால்தான் வெட்டு. அந்தப் படத்தை முதலில் விமானத்தில் வாந்தியெடுக்கத் தரும் பையின் மேல் வரைந்தாராம்! 1970 ஏப்ரல் 1 அன்று, முட்டாள்கள் தினத்தில், விற்பனைக்கு வந்தது. பெயர் கிரெம்லின்: எந்திரங்களைக் கெடுக்கும் குட்டிச்சாத்தான். ஆறு லட்சத்துக்கு மேல் விற்றது. அதன் பின்பக்கம் எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம். ஏஎம்எக்ஸ் அழகு.

1966இல் அவர் காட்டிய கேவலியர் என்ற மாதிரிக் காரைத் தேடிப் பார். முன் மூடியும் டிக்கி மூடியும் ஒரே தகடு. வலது முன் கதவை இடது பின்புறம் மாட்டலாம். அது விற்பனைக்கு வரவில்லை. நான் ஒரு மணி நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அங்கே கோடையில் பழைய கார்களைக் கொண்டுவந்து நிறுத்துவார்களாமே. கிரெம்லின் கண்ணில் பட்டால், கதவு முடியும் இடத்திலிருந்து பின்பக்கம் வரை பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு. வெட்டு எங்கே விழுந்தது என்று நானும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா