தண்ணீரில் தப்பிய தனி

தெருவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

அந்த டிசம்பர் வெள்ள நாட்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் கூடத்துச் சுவர் நேற்றுதான் காய்ந்தது. உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மாடியில் இடம் கொடுத்த எதிர்வீட்டார், படகு தள்ளி வந்த தம்பிகள், அம்மாவின் மாத்திரையை இடுப்பளவுத் தண்ணீரில் கொண்டுவந்த மருந்துக்கடைப் பையன், சேறு வாரிய பிள்ளைகள், எல்லோருக்கும் இப்போதைக்கு ஒரே மூச்சில் நன்றி. வீட்டுக்கு வந்தும் சொல்வேன்.

இந்த மடல் முனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அம்மாவுக்கு.

பன்னிரண்டு வயதில் அப்பா என்னை மதுரை சோமு கச்சேரிக்குக் கூட்டிப் போனார். பாட்டுக் கேட்கப் போனவன் மிருதங்கம் கேட்டுத் திரும்பினேன். வாசித்தவர் காரைக்குடி மணி. பாட்டு நின்று தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்து போகிறவர்களோடு அன்றிலிருந்து எனக்குப் பகை. கீர்த்தனை நடுவே அவர் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருப்பாரே, அந்த இடங்களுக்காகவே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ரேடியோவில் பதிந்ததும் கடையில் வாங்கியதுமாக 43 கேசட்டுகள் சேர்ந்தன. 2023 மே 4ஆம் தேதி அவர் போன பிறகு தினம் ஒன்று போட்டுக் கேட்பதற்காக அவற்றை அலமாரியின் கீழ்த்தட்டுக்கு இறக்கினேன். தண்ணீர் முதலில் வந்தது அங்கேதான்.

சேற்றோடு சேர்த்துக் குப்பையில் போட்டதும் நானேதான். மனசு விட்டுப்போயிருந்தது.

நான்காம் நாள் அந்த அம்மா ஒரு பழைய புடவை மூட்டையோடு வாசலில் நின்றார். உள்ளே கேசட்டுகள், கேன் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தியவை. "வெயில்ல வைக்கல சார், சுருங்கிடுமோன்னு பயமா இருந்திச்சு."

எதற்கம்மா இதை எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"துணி வாங்க வரும்போதெல்லாம் என் வண்டிப் பலகையில தட்டிக்கிட்டே நிப்பீங்களே சார். அது இதுக்குள்ளதான இருக்கும்?"

அவர் கவனித்திருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. குடிதண்ணீர் கேனுக்கு நாம் அடித்துக்கொண்ட நாட்கள் அவை. அவர் வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்றுகூட நான் அதுவரை கேட்டிருக்கவில்லை. கட்டில் மட்டத்துக்கு ஏறியிருக்கிறது. மூட்டை மூட்டையாக வைத்திருந்த கரி மொத்தமும் ஊறிப்போய், இரண்டு வாரம் தொழிலே இல்லை. கரிக்கு நான் கொடுத்த பணத்தைக் கடனாகத்தான் வாங்கிக்கொண்டார், துணியில் கழித்துக்கொண்டிருக்கிறார். இனி என் வீட்டில் எது நனைந்தாலும் முதலில் அவர் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

ஒவ்வொரு கேசட்டாகத் திருகாணி கழற்றி, நாடாவைப் புதுக் கூட்டுக்கு மாற்றி வருகிறேன். இதுவரை பதினொன்று பாடுகின்றன. முதலில் பிழைத்தது ஹரிசங்கரின் கஞ்சிராவோடு, அந்தச் சின்னத் தோல்வாத்தியத்தோடு, மணி வாசித்த தனி. இரண்டு நிமிடம் கரகரப்பு, அப்புறம் அந்த நாதம் அப்படியே வந்தது. டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கே ஓடினேன்.

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"நீங்க தட்டுறது வேற மாதிரி இருக்கே சார்" என்றார்.