அச்சே என்றால் சுனாமியும் பிரம்படியும் மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025 நவம்பர் கடைசி வாரத்தில் தித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டபோது உங்கள் பத்திரிகை பக்கம் பக்கமாக எழுதியது. நல்ல காரியம். அதே வாரம் மலாக்கா நீரிணையில் உருவான சென்யார் புயல் இந்தோனேசியாவின் சுமாத்திரா தீவின் வடக்குப் பகுதியை வெள்ளத்தில் மூழ்கடித்தது, மூன்று மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள், அதற்குக் கிடைத்தது உள்பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி. அதிலும் அந்தத் தீவின் வடமுனையில் இருக்கும் அச்சே மாகாணத்துக்கு நீங்கள் கொடுத்த அடையாளம் ‘சுனாமி தாக்கிய பகுதி’ என்பது. அதற்கு முன் அச்சே உங்கள் பக்கங்களில் வந்தது யாருக்கோ பொது இடத்தில் பிரம்படி கொடுத்தபோது. இரண்டுமே உண்மைதான், எழுத வேண்டியவைதான், ஆனால் இவை மட்டுமே அந்த மண் என்று வாசகன் நினைத்துக்கொண்டால் அங்கே நடப்பது எதுவும் அவனுக்குப் புரியப் போவதில்லை.

சுனாமிக்குப் பிறகு வீடு கட்டும் பணிக்காக நாகப்பட்டினத்திலிருந்து போய், பிடியே மாவட்டத்தின் கடலோரக் கிராமம் ஒன்றில் சில காலம் இருந்தவன் நான். 2007-இல் அந்த மாவட்டத்தின் கிழக்குப் பகுதியைப் பிரித்து பிடியே ஜெயா என்று தனி மாவட்டம் ஆக்கினார்கள், மெருடு அதன் தலைநகர். நான் இருந்த ஊர் இப்போது அதில்தான் வருகிறது. பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாத சின்ன ஊர். மாகாணத் தலைநகர் பண்டா அச்சேயிலிருந்து மேடான் நகருக்குப் போகும் பெருஞ்சாலையில் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தால் முதலில் வயல், அப்புறம் தென்னையும் கமுகும் சூழ்ந்த வீடுகள், அதைத் தாண்டி மீன், இறால் வளர்க்கும் குளங்கள், உப்பு காய்ச்சும் குடிசைகள், பிறகு கடல். வீட்டுக்கு வீடு மெலிஞ்சோ மரம் நிற்கும். அதன் கொட்டையை வறுத்து, சூடு ஆறுவதற்குள் கல்லில் வைத்துத் தட்டி அப்பளம் மாதிரி மெல்லிசாக்குவார்கள், எம்பிங் என்று பெயர், பிடியே அதற்குப் பேர் போனது. காலையில் ஊருக்குள் போனால் காதில் விழுவது பெண்கள் தட்டுகிற அந்தச் சத்தம்தான்.

நான் சொல்ல வந்தது இந்த ஊர் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி. மலேசியத் தமிழர்கள் கம்பம் என்று சொல்வார்களே, அதுதான் அச்சேயில் கம்போங். இப்படி ஆறாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஊர்த் தலைவர் கெச்சிக், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். தொழுகையும் மார்க்கமும் பார்ப்பவர் இமாம். கெச்சிக் ஊருக்கு அப்பன், இமாம் ஊருக்கு அம்மா என்று அங்கே வழக்கமாகச் சொல்வார்கள். இருவரோடும் உட்கார்ந்து பேச துஹா பூட் என்ற பெரியவர்கள் சபை. கூடும் இடம் மெனாசா, தொழுகைக் கூடமும் அதுதான் ஊர்ப் பஞ்சாயத்து மேடையும் அதுதான், கல்யாணமாகாத பையன்கள் ராத்திரி படுத்ததும் ஒரு காலத்தில் அங்கேதான். ஒரே ஜும்மா பள்ளிவாசலுக்குப் போகிற சில கம்போங்குகள் சேர்ந்தால் ஒரு முகிம்.

இதற்கு மேல்தான் விஷயமே இருக்கிறது. வயலுக்குத் தனியாக ஒருவர், கடலுக்குத் தனியாக ஒருவர். வயலைப் பார்ப்பவர் கெஜ்ருன் பிளாங். எந்த வாய்க்காலில் என்றைக்குத் தண்ணீர் விடுவது, யார் வயலுக்கு முதலில், எப்போது நாற்று விடுவது, வரப்புத் தகராறு வந்தால் என்ன தீர்ப்பு, எல்லாம் அவர் கையில். நிலாவும் விருச்சிக நட்சத்திரக் கூட்டமும் வானில் சேரும் நாளை வைத்து மாதத்தைக் கணக்கிடும் பழைய முறை ஒன்று அவர்களிடம் உண்டு, விதைப்புக்கு நாள் பார்ப்பது அதை வைத்து. நடவுக்கு முன்னால் ஊரே இறங்கி வாய்க்காலைத் தூர் வாரும். அப்புறம் வயலோரத்தில் கந்தூரி, ஆட்டையோ மாட்டையோ அறுத்து, பெரிய அண்டாவில் ஆண்கள் சமைத்து, துஆ ஓதி எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். தண்ணீர்ச் சண்டையோடு வந்த இரண்டு பேர் அந்த விருந்தில் அருகருகே உட்கார்ந்தே ஆக வேண்டும், எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. கெஜ்ருனுக்குச் சம்பளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது, அறுவடையில் ஆளுக்குக் கொஞ்சம் நெல் அளந்து கொடுப்பார்கள்.

கடலைப் பார்ப்பவர் பங்லிமா லவுத். அச்சே சுல்தான் இஸ்கந்தர் மூடா 1607 முதல் 1636 வரை ஆண்டார், அவர் காலத்திலிருந்தே இருக்கும் பதவி என்கிறார்கள். வியாழன் சாயங்காலத்திலிருந்து வெள்ளிக்கிழமை தொழுகை முடியும்வரை படகு போகக் கூடாது, பெருநாள் நாட்களில் கூடாது. மீறினால் பிடித்த மீன் பறிமுதல், படகைச் சில நாள் கரையில் கட்டிப் போட வேண்டும். 2004-க்குப் பிறகு டிசம்பர் 26-ஐயும் கடலுக்குப் போகாத நாளாகச் சேர்த்துக்கொண்டார்கள். தத்தளிக்கும் படகைக் கண்டால் காப்பாற்றியே ஆக வேண்டும் என்பதும் அவர்கள் வழக்கம். 2015-லும் 2020-லும் ரோஹிங்கியா மக்களைக் கரைக்கு இழுத்து வந்தவர்கள் அச்சே மீனவர்கள்தான், 2020-இல் அதிகாரிகள் தயங்கி நின்றபோது ஊர்க்காரர்களே இறக்கிவிட்டார்கள். 2016 ஜூனில் 40-க்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் வந்த படகு அச்சே பெசாரில் லோக்ங்கா கடற்கரையில் தட்டி நின்றது நினைவிருக்கிறதா? கர்ப்பிணி ஒருவரும் அதில் இருந்தார். பல நாள் தரையில் கால் வைக்க விடவில்லை, அதுவும் அரசாங்கத்தின் முடிவு.

இந்த அமைப்பெல்லாம் பழங்காலத்திலிருந்து தானாக நீடித்து வந்தது என்று நினைக்க வேண்டாம். 1979-இல் ஜகார்த்தா கொண்டுவந்த கிராம நிர்வாகச் சட்டம் நாடு முழுக்க எல்லா ஊரையும் ஜாவா மாதிரி ஒரே அச்சில் வார்த்தது. கெச்சிக் வெறும் அரசு அலுவலர் ஆனார், முகிமுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 1989 முதல் 1998 வரை ராணுவ நடவடிக்கைக் காலம். தனி நாடு கேட்ட அச்சே விடுதலை இயக்கம் 1976-இல் பிடியேயில்தான் பிறந்தது என்பதால் அந்த மாவட்டம் பட்ட பாடு கொஞ்சமல்ல. ருமோ கெடோங் என்ற வீட்டில் ராணுவம் நடத்திய சித்திரவதை பற்றி அங்கே இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அப்படியும் ஊர்க்காரர்கள் வாய்க்கால் முறையை விடவில்லை. 2001-இல் சிறப்புத் தன்னாட்சிச் சட்டம் வந்து, 2003-இல் முகிமுக்கும் கம்போங்குக்கும் தனித்தனியே மாகாணச் சட்டம் போட்டுத்தான் பழைய பதவிகளுக்கு மறுபடி அங்கீகாரம் கிடைத்தது. அரசும் விடுதலை இயக்கமும் செய்த ஹெல்சிங்கி சமாதான உடன்பாடு 2005 ஆகஸ்ட் 15, அதற்கு அடுத்த வருடம் அச்சே ஆட்சிச் சட்டம்.

குறையே இல்லாத ஊர் என்று சொல்ல வரவில்லை. சபையில் உட்கார்பவர்கள் ஏறக்குறைய எல்லாருமே ஆண்கள், பெண் கெச்சிக் அபூர்வம். அதே ஊரில் வீடு பெண்ணுடையது. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடோ வீட்டு மனையோ அவளுக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார், பிடியே ஆண்களோ வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போய்விடுகிறவர்கள். நான் வேலை பார்த்த நிவாரண அமைப்பின் படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் கணவர் பெயரைத்தான் எழுதச் சொன்னார்கள். மனை மாமியாருடையது, வீட்டுக் காகிதம் மருமகன் பெயரில்! கெச்சிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். 2009-க்குள் அச்சேயிலும் நியாஸ் தீவிலும் 1,40,000 வீடுகள் எழும்பின, பெரும்பாலும் 36 சதுர மீட்டர் அளவில், அது சாதனைதான். ஆனால் இந்த மாதிரி தகராறுகள் எத்தனை ஊரில் விதைக்கப்பட்டன என்று நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

அதனால்தான் இப்போது எழுதுகிறேன். 2016 டிசம்பர் 7 விடியற்காலை நிலநடுக்கத்தில் பிடியே ஜெயாவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், மெருடுவில் கடைகள் அப்படியே அமுங்கின. ஒன்பது வருடம் கழித்து இந்த வெள்ளம். மலையிலிருந்து அடித்து வந்த மரக்கட்டைகளும் சேறும் வீட்டையும் வயலையும் மூடின. சேறு மூடிய வயலில் வரப்பு எங்கே, மதகு எங்கே, யாருடையது எவ்வளவு என்பதை எந்த அதிகாரியின் வரைபடமும் கெஜ்ருன் பிளாங் அளவுக்குச் சொல்லாது. சுனாமிக்குப் பிறகும் பல ஊர்களில் பக்கத்து வீட்டுக்காரர்களை நிறுத்திவைத்து, பெரியவர்கள் முன்னால் பேசித்தான் எல்லையை முடிவு செய்தார்கள். இந்த முறையாவது நிவாரணப் பணம் அவர்களைத் தாண்டிப் போகிறதா, அவர்கள் வழியாகப் போகிறதா? இதுதான் செய்தி, இதைக் கேட்டு யாரும் எழுதவில்லை.

ராசேந்திர சோழன் வென்ற இலாமுரி தேசம் சுமாத்திராவின் அந்த வடமுனைதான் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம், 2004-இல் ஒரே காலையில் ஒரே கடல் நாகையிலும் அச்சேயிலும் ஏறி வந்தது. இவ்வளவு பக்கத்து ஊரை விபத்து நடந்தால் மட்டும் எட்டிப் பார்ப்பது சரியில்லை. உங்களுக்கு மேடானிலோ பினாங்கிலோ எழுதுகிற தமிழர் யாராவது இருப்பார்கள். அவரை ஒரு கம்போங்குக்கு அனுப்புங்கள். தலைவர்களின் பேட்டி வேண்டாம், வாய்க்கால் திறந்ததா, இறால் குளங்களின் கரை கட்டியாயிற்றா, வீட்டுக் காகிதம் யார் பெயரில் வருகிறது என்று மூன்று கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள். அடுத்த நடவுக்கு முன்னால் அந்தக் கட்டுரை வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகப்பட்டினம்.