கடைவீதி வியாபாரிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

போன வருட அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். வீதி வேலையைப் பற்றி அதில் ஒரே வரிதான் இருக்கிறது: "விரைவில் தொடங்கும் எனத் தெரிகிறது." இந்த வருடம் அதைத் தவிர வேறு எதைப் பேசினாலும் யாரும் காது கொடுக்கப்போவதில்லை. அதனால் மற்றதையெல்லாம் முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

செயற்குழு பதினான்கு முறை கூடியது. எடைத் தராசு முத்திரை முகாம் வழக்கம்போல மண்டபத்தில் நடந்தது. செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதம் மாறியபோது கணக்காளர் ஒருவரை அழைத்து ஒரு மாலை விளக்கக் கூட்டம் போட்டோம். 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம்தான் என்பதைப் புரிந்துகொள்ள ஜவுளிக்காரர்கள் மூன்று முறை கேட்டார்கள். பாத்திரக்காரர்களான நாங்கள் டீ குடித்துவிட்டு வந்தோம். மறைந்த இரு மூத்த உறுப்பினர்களின் குடும்பத்துக்குச் சங்கத்தின் சார்பில் போய் வந்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இனி வீதிக்கு வருகிறேன்.

ஆனியில் பூமிபூஜை போட்டார்கள். இரண்டு பக்கமும் மழைநீர் வடிகால், அதன்மேல் நடைபாதை, பழைய குடிநீர்க் குழாயை எடுத்துவிட்டுப் புதுக் குழாய், தலைக்கு மேலே தொங்கும் மின்கம்பியைப் பூமிக்குள் இறக்குவது, எல்லாம் முடிந்த பிறகு நடுவில் தார். எட்டு மாதத்தில் முடியும் என்றார்கள். இதை எழுதும்போது தார், வடக்கு முனையிலிருந்து எண்ணெய்ச் செக்கு வரைக்கும்தான் வந்திருக்கிறது.

தோண்ட ஆரம்பிக்கும் முன் நானும் தலைவரும் பொருளாளரும் கோவைக்குப் பஸ் ஏறினோம். 2015இல் ஸ்மார்ட் சிட்டி திட்டம் வந்தது. 2016 ஜனவரியில் அறிவித்த முதல் 20 நகரங்களிலேயே கோவை இருந்தது. பிறகு ஈரோடும் திருப்பூரும் சேர்ந்தன. நம்மைப்போன்ற ஊர்களுக்கு இந்த ஆசை அவர்களைப் பார்த்து வந்ததுதான். ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டையும் ரேஸ்கோர்ஸ் சுற்றையும் நடந்தே பார்த்தோம். பொருளாளர் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து நடைபாதையை அளக்க, காவலாளி ஒருவர் ஓடிவந்து "எந்த ஆபீசுங்க?" என்று கேட்டார். பாத்திரக்கடை, நாட்டுமருந்துக்கடை, சைக்கிள் கடை என்று சொன்னதும் அவரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு நான் கண்டது ஒன்று. அந்த வீதியில் நடக்கிறவர்கள் மெதுவாக நடக்கிறார்கள், கண்ணாடிக்குள் பார்க்கிறார்கள், நின்று விலை கேட்கிறார்கள். நம் வீதியில் மக்கள் வண்டிக்குப் பயந்து நடந்துகொண்டிருந்தார்கள். பைக்கில் போகிறவர் கடையைப் பார்ப்பதில்லை, எதிரே வருகிற வண்டியைத்தான் பார்க்கிறார். எனவே வேலை வேண்டாம் என்று நான் எப்போதும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை.

திரும்பும்போது அவிநாசி ரோட்டில் வந்தோம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் அப்போது முடியும் தறுவாயில் இருந்தது. அக்டோபரில் ஜி.டி. நாயுடு பெயரில் திறந்தார்கள். இந்த ரோட்டுக்காரர்கள் கிட்டத்தட்ட ஐந்து வருடம் தாங்கியிருக்கிறார்கள், நமக்கு எட்டு மாதம் என்ன பெரிசா என்று பேசிக்கொண்டே வந்தோம். அந்த வீராப்பு எங்களுக்கு ஒரு மாதம் தாங்கியது.

முதல் சண்டை நமக்குள்தான் வந்தது. வடிகாலுக்கு அளவு போட வந்தவர்கள் சுண்ணாம்புக் கோடு இழுத்தபோது, அது பாதிக் கடைகளின் படிக்கட்டுக்கு உள்ளே போனது. என் கடைப் படி இரண்டரை அடி வெளியே நின்றது. அப்பா காலத்தில் கட்டியது, கடப்பைக் கல். "அந்தக் காலத்துல யாரும் கேக்கலீங்களே" என்று அளக்க வந்த பையனிடம் நானே சொல்லிப் பார்த்தேன். அவன் ஒன்றும் பேசாமல் கல்லின் மேலேயே கோட்டை இழுத்துவிட்டுப் போனான். நடைபாதை 1.8 மீட்டராவது இருக்கவேண்டும் என்பது, சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதி. நம் படிகளும் பெயர்ப் பலகைகளும் வாசலில் அடுக்கிய பிளாஸ்டிக் குடங்களும் போக மிச்சம் இருந்த இடத்தில் இரண்டு பேர் ஒட்டி நடக்க முடியாது. செயலாளர் என்ற முறையில் என் படியை முதலில் உடைத்தேன். எல்லோரும் உடைத்தார்களா என்றால், இல்லை. யார் யார் என்று இங்கே வாசிக்கப்போவதில்லை. அவர்கள் கடை முன்னால் வடிகால் வளைந்து போகிறது, கண் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

நம் மனவருத்தம் முழுக்க வேலை நடந்த வரிசையைப் பற்றியதுதான். ஆடியில் வடிகாலுக்குத் தோண்டினார்கள். மூடினார்கள். புரட்டாசியில் குடிநீர்க் குழாய்க்கு அதே இடத்துக்கு ஒன்றரை அடி தள்ளித் தோண்டினார்கள். மூடினார்கள். கார்த்திகையில் மின்கேபிளுக்கு மறுபடியும் பொக்லைன் வந்தது. மூன்று வேலையும் மூன்று ஒப்பந்தம், மூன்று மேஸ்திரி, ஒருவரை ஒருவர் தெரியாது. முதலில் ஆழத்தில் போகவேண்டியதைப் போட்டு, அப்புறம் மேலே வரவேண்டியதைப் போட்டு, ஒரே முறை மூடியிருந்தால் வீதி இரண்டு தடவையாவது தப்பியிருக்கும். இதைச் சொல்ல இன்ஜினியரிங் படிக்கவேண்டியதில்லை, வீடு கட்டிய எவருக்கும் தெரியும்.

மூடியதும் சரியில்லை. குழியை முக்கால் அடிக்கு ஒரு தட்டாக மண் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து இடித்து ஏற்றவேண்டும். இங்கே டிப்பர் பின்பக்கத்தைத் தூக்கிக் கொட்டியதோடு சரி. ஐப்பசி மழை பெய்ததும் மண் உட்கார்ந்தது. பேக்கரி முன்னால் சிமெண்ட் ஏற்றி வந்த லாரியின் பின்சக்கரம் அச்சு வரை இறங்கி, காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை வீதி அடைபட்டது. அன்று பேக்கரியில் டீ வியாபாரம் மட்டும் வருடத்திலேயே அதிகம் என்று அதன் உரிமையாளர் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

சொல்கிறவன் நம் பக்கத் தப்பையும் சொல்லவேண்டும். வடிகால் மேல் போட்ட கான்கிரீட் பலகத்துக்குச் சாக்கு நனைத்துப் போட்டு ஏழு நாளாவது தண்ணீர் காட்டவேண்டும். மூன்றாம் நாளே சரக்கு இறக்க அவசரம் என்று நம் உறுப்பினர் ஒருவரின் டெம்போ பச்சைக் கான்கிரீட்டின் மேல் ஏறியது. விரிசல் விட்ட பலகத்தை உடைத்துத் திரும்பப் போட இருபது நாள் ஆனது. அதுவும் எட்டு மாதக் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது.

டவுன் பஸ்ஸை பைபாஸ் வழியாகத் திருப்பினார்கள். முன்னறிவிப்பு கிடையாது. செவ்வாய்ச் சந்தைக்கு வருகிறவர்கள் மில் முக்கில் இறங்கி, மூட்டையோடு முக்கால் கிலோமீட்டர் நடந்தார்கள். வருடா வருடம் பேத்திகளுக்குச் சீர்ப் பாத்திரம் என்னிடமே எடுக்கும் ஆத்தா ஒருவர், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, குழிமேல் போட்ட பலகையைத் தாண்டி வந்து நின்றார். "ஏஞ்சாமி, ரோட்ட எவன் தூக்கிட்டுப் போனான்?" என்றார். உட்காரவைத்து மோர் கொடுத்தேன். அண்டா ஒன்று எடுத்தார். அதை எப்படிக் கொண்டுபோவது என்று பார்த்துவிட்டு, கடைப் பையனை மில் முக்கு வரை தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன். அந்த நான்கு மாதம் என் கடைப் பையனுக்குப் பாதி நாள் அதுதான் வேலை. பித்தளையைத் துடைப்பது மீதி வேலை. வெள்ளை வேட்டி விற்கிறவர்களின் கஷ்டத்தை நான் சொல்லவேண்டியதில்லை.

தீபாவளி நோம்பி அக்டோபர் 20இல் வந்தது. அதற்கு முன் பதினைந்து நாளாவது குழி தோண்டாதீர்கள் என்று கடிதம் கொடுத்தோம், நேரிலும் போனோம். "ரெண்டு நாள்ல முடிச்சுருவோமுங்க" என்றார் மேற்பார்வையாளர். நல்ல மனுசன், ஆனால் அவருடைய இரண்டு நாள் எப்போதும் இரண்டு வாரம். கடைசியில் பத்து நாள் நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பத்து நாளில் நடந்த வியாபாரத்தில்தான் பலர் வாடகை கொடுத்தோம். வாடகையைக் குறைத்துக்கொண்ட கட்டிட உரிமையாளர்களுக்குச் சங்கம் நன்றி சொல்கிறது. குறைக்காதவர்களுக்கும் வணக்கம். இரண்டு கடைகள் மூடிவிட்டன. அதில் தையல் சாமான் கடை முப்பது வருடக் கடை, திரும்பத் திறக்கும் என்று தோன்றவில்லை.

வேலை நடக்கும் இடத்தில் தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் ராத்திரி விளக்கும் வேண்டும் என்று விதி இருக்கிறது. நமக்குக் கிடைத்தது சிவப்பு வெள்ளை நாடா. அதையும் இரண்டாம் நாள் ஆடு தின்றது. கார்த்திகையில் ஒரு சந்தை நாள், கரண்ட் போன நேரம், மளிகைக்கு வந்த பெரியவர் ஒருவர் பலகை விளிம்பில் கால் வைத்து வடிகாலுக்குள் விழுந்தார். பையிலிருந்த துவரம்பருப்பு சேற்றில் சிதறிக் கிடந்தது. மணிக்கட்டு எலும்பு முறிவு. நீட்டிக்கொண்டிருந்த கம்பிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. மருத்துவச் செலவைச் சங்க அவசர நிதியிலிருந்து கொடுத்தோம். செயற்குழுவைக் கேட்காமல் நானும் பொருளாளரும் எடுத்த முடிவு அது, இந்தப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்கிறேன். மறுநாளே கடைக்கு ஒரு பல்பு வெளியே கட்டினோம். வேலை எடுத்தவர் விளக்கு கொண்டுவந்தது பதினோரு நாள் கழித்து.

மாரியம்மன் நோம்பி பற்றிச் சொல்லாமல் விட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள். பூச்சாட்டு முடிந்து கம்பம் நட்ட பிறகுதான், பூவோடு (தீச்சட்டி) எடுப்பவர்கள் இந்த வீதி வழியாகத்தான் வரவேண்டும் என்பது அதிகாரிகளுக்கு நினைவு வந்தது. வேறு வழியில் போகச் சொன்னார்கள். கோவில்காரர்கள் முடியாது என்றார்கள். பூவோட்டுக்கு முந்தின ராத்திரி, ஒன்பது மணிக்குக் கடையை அடைத்துவிட்டு நாற்பது பேர் விளக்குமாறும் மண்வெட்டியுமாக இறங்கினோம். ஜல்லியைப் பொறுக்கி ஓரத்தில் தள்ளினோம். செம்மண் பரப்பி, இரண்டு டேங்கர் தண்ணீர் தெளித்தோம். ஷெட்டில் தங்கியிருந்த பீகார்க்காரத் தொழிலாளிகள் யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்தார்கள். அவர்களில் ஒருவர் வெறுங்காலோடு வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்து, குத்திய இடத்திலெல்லாம் குனிந்து கல்லை எடுத்தார். விடியும்போது வீதி வருடத்திலேயே முதல் முறையாகச் சமமாக இருந்தது. பூவோடு எடுத்த பெண்கள் கால் தடுக்காமல் போனார்கள். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் பொக்லைன் நின்றது.

இனி முடியாத விஷயங்கள். மின்கம்பம் போனால் அதற்குப் பதில் மின்பெட்டி வரும். வீதியில் எங்கே வைத்தாலும் யாராவது ஒருவர் கடை முன்னால்தான் அது நிற்கும். ஆறு கூட்டம் பேசியும் தீரவில்லை. சந்து முனைகளில் வைப்பது என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. ஒருவழிப்பாதை பற்றி நகை வியாபாரிகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் ஒத்துப்போகவில்லை. காலை எட்டு மணிக்குள் சரக்கு இறக்கி முடிப்பது என்றால் ஒருவழியாக்குவதில் கஷ்டமில்லை என்பது என் சொந்தக் கருத்து. பைக் நிறுத்தப் பழைய சந்தைப்பேட்டையைக் கேட்டிருக்கிறோம்.

பூக்காரர்களையும் தள்ளுவண்டிக்காரர்களையும் புது நடைபாதையில் விடக்கூடாது என்று சில உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 2014ஆம் வருடத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் இல்லாமல் அவர்களை அப்புறப்படுத்த முடியாது. சட்டம் கிடக்கட்டும். குழிக்கு அந்தப் பக்கம் நின்று "கடை திறந்திருக்குதுங்க, இந்தப் பலகைல வாங்க" என்று நம் வாடிக்கையாளர்களுக்கு எட்டு மாதமாகக் கை காட்டியவர்கள் அந்தப் பூக்காரர்கள்தான். அந்த மனுவை நான் மேலே அனுப்பவில்லை. தப்பு என்றால் பொதுக்குழு சொல்லட்டும்.

மீதி வேலைக்கு இரண்டே கோரிக்கை வைத்திருக்கிறோம். நூறு மீட்டராக எடுத்து, அதை முடித்த பிறகு அடுத்த நூறு மீட்டரைத் தொடவேண்டும். எந்தத் தேதியில் எந்தக் கடை முன்னால் வேலை என்று தமிழில் பலகை எழுதி வைக்கவேண்டும். இரண்டாவதற்கு வாய்மொழியாகச் சரி என்றிருக்கிறார்கள். எழுத்தில் கேட்டு இரண்டு கடிதம் போயிருக்கிறது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். குழியைத் தாண்ட சங்கச் செலவில் வாங்கிக் கொடுத்த சென்ட்ரிங் பலகைகளில் பெயிண்டில் எண் போட்டிருக்கிறது. வடக்குப் பக்கம் நடைபாதை முடிந்தவர்கள் அவற்றைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். 7, 12, 19, 23 ஆகிய நான்கும் இன்னும் வரவில்லை. 12ஆம் எண் பலகை ஒரு கடையில் அலமாரித் தட்டாக இருப்பதைப் போன வாரம் நானே பார்த்தேன். தெற்குப் பக்கத்துக்குச் செவ்வாய்க்கிழமையிலிருந்து தேவைப்படும்.