தேடுபொறி நிறுவனத்துக்கு அம்பத்தூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேடுபொறி நிறுவனத்தாருக்கு,

வணக்கம். 2024 மார்ச் 5 அன்று நீங்கள் தொடங்கிய கோர் அப்டேட், அதாவது தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் செய்யும் பெரிய மாற்றம், முடிய 45 நாள் ஆனது. அதோடு விட்டீர்களா? அப்டேட் மேல் அப்டேட். ஒவ்வொன்றிலும் சிறு தளங்கள் என்ன பாடுபடுகின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டு மோட்டார், மிக்ஸி பழுது பார்ப்பதைத் தமிழில் எழுதும் தளம் என்னுடையது. மோட்டார் உறுமிவிட்டுச் சுற்றாமல் நின்றால், பெரும்பாலும் அதைச் சுற்றத் தொடங்க வைக்கும் கெப்பாசிட்டர் போயிருக்கும். ரிச்சி தெருவில் புதிதாக ஒன்றை வாங்கி வந்து, என் வீட்டுப் பேனலில் மாட்டி, படம் எடுத்துப் போட்டேன். இப்போது தேடினால் முதலில் வருவது வேறொரு தளம். படம் என்னுடையதேதான், மஞ்சள் டேப் சுற்றிய என் ஸ்க்ரூடிரைவர்கூட அதில் இருக்கிறது. வரிகளை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதுகூடப் போகட்டும். மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும், அதை டிஸ்சார்ஜ் செய்து வடியவிடாமல் தொடாதீர்கள் என்று நான் எழுதியிருந்ததை மட்டும் காணோம். நம்பிக் கை வைப்பவருக்கு யார் பொறுப்பு?

பதிப்புரிமைப் புகார் கொடுத்தால் காப்பியடித்த அந்தப் பக்கம் தேடலிலிருந்து நீங்கலாம். தேடல் வரிசையில் என் பக்கம் ஏன் இறங்கியது என்பதற்கு அங்கே பதில் கிடைக்காது. உங்கள் ஆட்களே பார்த்து நடவடிக்கை எடுத்தால் அறிவிப்பு அனுப்புகிறீர்கள். திருத்திவிட்டு மறுபரிசீலனை கேட்கலாம். தளங்களைத் தானாக வரிசைப்படுத்தும் உங்கள் அல்காரிதம் இறக்கிவிட்டால் அறிவிப்பும் இல்லை, முறையிட இடமும் இல்லை. மாநகராட்சிகூடக் கடைக்குச் சீல் வைக்கும்முன் நோட்டீஸ் ஒட்டுகிறது. அந்த நோட்டீஸைத்தான் கேட்கிறேன்: எந்தப் பக்கம், என்ன குறை?

'மக்களுக்குப் பயன்படும்படி எழுதுங்கள்' என்பது உங்கள் அறிவுரை. நல்லது. மோட்டார் ஓடாமல் குளிக்கத் தண்ணீர் இல்லாதவருக்கு வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் தளத்தில் நீங்கள் காட்டும் விளம்பரங்களுக்கான பணமும் 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவீர்கள். இப்போதைய வருமானத்தில் அது சேருவதற்குள் சர்வர் வாடகை பலமுறை கட்டியாகிவிடுகிறது. அதுவரை என் காசு உங்களிடம் தூங்குகிறது. போதாக்குறைக்குப் பக்கத்தின் உச்சியில் ஏஐ பதில் வேறு. எங்களைப் படித்துக் கற்றுக்கொண்டு, எங்களிடம் யாரும் வராதபடி அது பதில் சொல்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை!

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். முதலிடம் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அல்காரிதம் இறக்கிய பக்கங்களுக்கும் காரணம் சொல்லும் ஓர் அறிவிப்பும், மனிதர் படித்துப் பார்க்கும் ஒரு முறையீட்டு வழியும் வேண்டும். அடுத்த அப்டேட்டுக்கு முன்பே செய்து தந்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
சிறு தளம் நடத்தும் ஒருவன்,
அம்பத்தூர், சென்னை