செஞ்சி ஒருநாள் பயணம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டைக்கு, நம் குடியிருப்பிலிருந்து பிப்ரவரி 1, ஞாயிறன்று செல்லவிருக்கிறோம்.

1. பேருந்து காலை 5.30 மணிக்கு வாயிலிலிருந்து புறப்படும்.
2. சுமார் 800 அடி உயரமுள்ள இராஜகிரியில் வெயிலுக்கு முன்பே ஏறத் தொடங்குவோம். மூட்டுவலி உள்ளவர்கள் அடிவாரத்திலுள்ள கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் நிதானமாகப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், அவையே பயணத்துக்குப் போதுமான காரணம்.
3. குரங்குகள் மிகுதி என்பதால் தின்பண்டங்களைக் கையில் எடுத்துச்செல்ல வேண்டாம், குடிநீர் அவசியம்.
4. பிற்பகலில், சமண சமயத்தின் அருகர்களான 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ள திருநாதர் குன்றையும், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி அமைத்ததாகப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனே கல்வெட்டில் குறிப்பிடும் மண்டகப்பட்டுக் குடைவரையையும் காண்போம்.
5. வருவோர் எண்ணிக்கையையும், மலையேறுவோர் யார் என்பதையும் ஜனவரி 25-க்குள் இக்குழுவிலேயே தெரிவிக்க வேண்டுகிறேன்.